அருவ ஓவியமும் கிரகித்தல் வினாக்களும்

மொழிப் பயிற்சியின் முடிந்த பயன் இரண்டு. பிறர் கூறியதைக் கூறியவாறே உணர்தல் ஒன்று; தாம் உணர்ந்ததைப் பிறர் உணருமாறு கூறுதல் மற்றொன்று. இவற்றுள் முன்னையதைச் சோதித்தற்கென்றே பரீட்சை வினாத்தாள்களிற் கிரகித்தல் என்னும் பகுதி அமைந்துள்ளது. முன்பு கண்டிராத பந்தியொன்றை வாசித்து, அதன்கீழ் உள்ள வினாக்களுக்கு அப்பந்தியையே ஆதாரமாகக் கொண்டு விடை எழுதுதல் இப்பகுதியின் இயல்பு. மனனஞ் செய்து வந்தது எதுவும் இங்கே துணை செய்யாது. ஆதலின் இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் அஞ்சாத மாணாக்கரும் கிரகித்தலிற் புள்ளிகளை இழத்தல் உண்டு. விடை கண்முன்னே இருக்கவும் அதனைக் காணாது மீளும் இந்நிலை ஆராய்தற்குரியது.

பந்தியின் பொருள் ஏர்த்தொழிலாகவோ, ஒரு மன்னனின் வரலாறாகவோ இருப்பின் மாணாக்கர் ஓரளவு துணிவோடு விடை எழுதுவர். அருவ ஓவியம் தீட்டிய கலைஞர் ஒருவரைப்பற்றிய பந்தி வந்துவிட்டால் அத்துணிவு தளர்ந்துவிடுகின்றது. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஓவியத்தில் உள்ளது இன்னதெனப் பெயர் சொல்ல இயலாமையால், பந்தியும் விளங்காது என்னும் அச்சம் வாசிக்கத் தொடங்கும் முன்னரே உண்டாகின்றது. இரண்டாவது, பொருள் வெளிப்படையாக இல்லாத இடத்தைத் தம் சொந்தக் கருத்துகளால் நிரப்பும் வேட்கை மனித மனத்துக்கு இயல்பாகவே உள்ளது. இவ்வேட்கையே பிழையான விடைகளுக்கு மூலம். ஆயின், இதே காரணத்தினால், கிரகித்தல் என்னும் ஆற்றலைக் கூர்மையாக்குதற்கு அருவ ஓவியத்தைப்பற்றிய பந்தியினும் சிறந்த பயிற்சி கிடைத்தல் அரிது.

அருவ ஓவியம் யாது?

கண்ணாற் காணப்படும் பொருளின் உருவத்தை அவ்வாறே காட்டுதலை நோக்கமாகக் கொள்ளாது, கோடு, நிறம், வடிவம், இடைவெளி ஆகியவற்றின் அமைப்பினாலேயே உணர்ச்சியையோ ஒழுங்கையோ தோற்றுவிக்கும் ஓவியம் அருவ ஓவியம் எனப்படும். இதனை அரூப ஓவியம் என்றுங் கூறுவர். ஐரோப்பாவிலே இந்நெறி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்றது. உருசிய நாட்டவராகிய கண்டின்ஸ்கி (1866 - 1944) இதன் முன்னோடியாக நெடுங்காலம் போற்றப்பட்டார். சுவீடன் நாட்டுப் பெண்மணியாகிய ஹில்மா ஆப் கிளிண்ட் 1906 ஆம் ஆண்டிலேயே இத்தகைய படங்களைத் தீட்டியமை பிற்காலத்திலே பரவலாக அறியப்பட்டது. இலங்கையில், 1943 இற் கொழும்பிலே தோன்றிய நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழுவினருள் ஜோர்ஜ் கிளாசன் அருவ நெறியை மேற்கொண்டவராவர்.

அருவ ஓவியங்களுள் இருவகை உண்டு. ஒரு பொருளை நோக்கி, அதன் வேண்டாத கூறுகளைக் களைந்து, எஞ்சிய சாரத்தை மட்டும் வடிவமாக்குதல் ஒருவகை. எப்பொருளையும் முன்வைத்துக்கொள்ளாது வடிவங்களையே அமைத்தல் மற்றொருவகை. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்து மாணாக்கருக்கு இவ்வேறுபாட்டை விளக்குதற்கு வெளிநாட்டுப் படங்களைத் தேட வேண்டுவதில்லை. பாலாவியை அடுத்த உப்பளங்களை மேட்டிலிருந்து நோக்கினால், வரம்புகளாற் பிரிக்கப்பட்ட பாத்திகள் நாற்கோணங்களாகத் தோன்றும். களப்பிலிருந்து வந்த நீர் பாத்திக்குப் பாத்தி செல்லுந்தோறும் வெயிலாலும் காற்றாலும் செறிவடைகின்றது. செறிவுக்கேற்ப அதன் நிறமும் வேறுபடுகின்றது. இக்காட்சியை ஒரு சிறுவன் சில நாற்கோணங்களாகவும் சில நிறங்களாகவும் மட்டும் தீட்டுவானாயின், அஃது உப்பளத்தினின்றும் சாரத்தைப் பிரித்தெடுத்த முதல்வகைப் படமாகும். வீட்டு முற்றத்திலே புள்ளிகளை நிரையாக இட்டு, அவற்றைச் சூழ்ந்து வளைந்து செல்லும் கோட்டினாற் போடப்படும் சிக்குக் கோலம் எப்பொருளின் உருவமும் அன்று. அஃது இரண்டாம் வகையைச் சார்ந்தது. கோலத்தை நோக்கி 'இஃது என்ன பொருள்?' என்று எவரும் வினாவுவதில்லை. அதன் ஒழுங்கு கண்ணுக்கு நிறைவு தருகின்றது, அதுவே போதும். அருவ ஓவியத்தை நோக்கி அஞ்சுபவர் தம் வீட்டு வாயிலிலே நாள்தோறும் அதனை மிதியாது கடந்து செல்பவரே என்க.

உடப்பு மீனவரின் கரைவலைத் தொழிலிலும் இதனையொத்த ஓர் உண்மை காணப்படும். வலையின் கயிற்றைப் பலர் ஒன்றுகூடி இழுக்குங்கால் அம்பாப் பாடல் பாடுவர். அப்பாடலின் இடையிடையே வரும் ஏலேலோ என்பது போன்ற அசைகளுக்கு அகராதிப் பொருள் இல்லை. ஆயினும் அவ்வசை ஒலித்தவுடன் எல்லாக் கைகளும் ஒருசேர இழுக்கின்றன. பொருளில்லாத ஒலி பயனில்லாத ஒலி அன்று. இவ்வுண்மையை உணர்ந்தவர்க்கு, வாசிக்க இயலாத எழுத்துகளைக் கொண்டு ஓவியந் தீட்டிய ஒருவரின் நெறி விந்தையாகத் தோன்றாது. கே. சி. எஸ். பணிக்கர் அத்தகையவர். அவரைப்பற்றிய பந்தியொன்றே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

எடுத்துக்காட்டுப் பந்தி

"கே. சி. எஸ். பணிக்கர் 1911 ஆம் ஆண்டிலே கோயம்புத்தூரிற் பிறந்தார். இளமையில் நீர்வண்ணத்தால் நிலக்காட்சிகளைத் தீட்டிய அவர், சென்னை அரசினர் கலைப்பள்ளியிற் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1957 இல் அதன் தலைவராயினார். 1963 ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய ஓவிய வரிசை 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் பெயரினது. இவ்வரிசைப் படங்களில் மலையாள எழுத்தை ஒத்த வரிகளும், எண்களும், கட்டங்களும், சாதகக் குறிப்பிற் காணப்படுவன போன்ற சக்கரங்களும் நிறைந்துள்ளன. வரிகள் எழுத்துப்போலத் தோன்றினும், அவற்றை வாசித்துப் பொருள் கொள்ளுதல் பெரும்பாலும் இயலாது. ஏனெனில், எழுத்தைப் பொருளுணர்த்தும் கருவியாகவன்றிக் கோடும் வடிவமுமாகவே அவர் கையாண்டார். மாணவன் ஒருவனின் கணிதக் குறிப்பேட்டைக் கண்டமை இப்புதுநெறிக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். 1966 இற் சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்திலே, கலைஞர் பலர் கூடி வாழும் சோழமண்டலம் என்னும் ஊரை அமைப்பதற்கு அவர் முன்னின்றார். 1977 இல் அவர் மறைந்தார்."

இப்பந்தியின்கீழ் ஆறு வினாக்கள் உள்ளன எனக் கொள்ளலாம்.

1. பணிக்கர் கலைப்பள்ளியின் தலைவரான ஆண்டு யாது?
2. 'தூண்டுகோல்' என்னும் சொல் இப்பந்தியில் என்ன பொருளில் வந்துள்ளது?
3. ஓவியங்களில் உள்ள வரிகளை வாசித்துப் பொருள் கொள்ளுதல் இயலாமைக்குப் பந்தி கூறும் காரணம் யாது?
4. பணிக்கர் தம் கலைநெறியை மாற்றிக்கொண்டவர் எனக் கொள்ளுதற்குப் பந்தியில் இடமுண்டா? விளக்குக.
5. பணிக்கர் சோதிடத்தில் நம்பிக்கை உடையவர் என்னுங் கூற்றுப் பொருந்துமா?
6. பந்திக்குத் தகுந்த தலைப்பொன்று தருக.

வினாக்களின் தன்மையும் விடைகளும்

முதலாம் வினா நேர்வினா. விடை ஒரு சொல்லாக அல்லது ஓர் எண்ணாகப் பந்தியிலேயே கிடக்கின்றது. எனினும் பந்தியில் ஐந்து ஆண்டுகள் குறிக்கப்பட்டுள்ளன. விரைந்து நோக்குபவர் 1963 என்றோ 1966 என்றோ எழுதிவிடுதல் கூடும். வினாவில் உள்ள 'தலைவர்' என்னுஞ் சொல்லைப் பந்தியிலே தேடி, அதனோடு இயைந்த ஆண்டையே எடுத்தல் வேண்டும். விடை 1957. நேர்வினா எளிதென்பது உண்மை. கவனமின்றி எழுதத்தக்கது என்பது அதன் கருத்தன்று.

இரண்டாம் வினா சொற்பொருள் பற்றியது. தூண்டுகோல் என்பது விளக்கின் திரியைத் தூண்டுதற்குரிய சிறு கோல். அகராதியை மனனஞ் செய்தவர் இப்பொருளையே எழுதி நின்றுவிடுவர். வினாவோ 'இப்பந்தியில்' என்று கேட்கின்றது. குறிப்பேடு விளக்குத் திரியைத் தூண்டியதன்று. மனத்திற் கிடந்த எண்ணத்தை எழுப்பியது என்பதே ஈண்டுப் பொருள். ஆகவே, 'ஒரு செயலைத் தொடங்குதற்கு மனத்தை எழுப்பும் காரணம்' என எழுதுதல் தகும். முதற்பொருளை அறிந்தவர் இப்பொருளின் அழகையும் உணர்வர்: கோல் விளக்கை உண்டாக்குவதில்லை, முன்னரே உள்ள சுடரை ஓங்கச் செய்கின்றது. குறிப்பேடு ஓவியரை உண்டாக்கவில்லை. பலர் கண்டு கடந்த ஏடு, காணத் தகுந்தவர் கண்டபோது பயன்பட்டது. இவ்விளக்கம் வகுப்பறையிற் பேசுதற்குரியது. விடைத்தாளிலோ வினவிய அளவே எழுதுதல் வேண்டும்.

மூன்றாம் வினா காரண வினா. இவ்விடத்திலேதான் சொந்தக் கருத்து முதன்முதலாக உள்ளே நுழைகின்றது. 'அவை மலையாளத்தில் எழுதப்பட்டுள்ளமையால் நம்மால் வாசிக்க இயலாது' என்று ஒரு மாணவன் எழுதுதல் கூடும். அவனை மயக்கியது பந்தியில் உள்ள 'மலையாள' என்னுஞ் சொல். ஆனாற் பந்தி கூறுவது 'மலையாள எழுத்தை ஒத்த வரிகள்' என்பதே. ஒத்தது அதுவே ஆகாது. மலையாளம் அறிந்தவரும் அவ்வரிகளைத் தொடர்ந்து வாசித்தல் அரிது. பந்தியிலே 'ஏனெனில்' என்னுஞ் சொல் காரணத்துக்கு வாயிலாக நிற்கின்றது. அதனைத் தொடர்ந்து வருவதே விடை: 'எழுத்தைப் பொருளை உணர்த்துங் கருவியாகக் கொள்ளாது, கோடாகவும் வடிவமாகவும் ஓவியர் பயன்படுத்தினமையே காரணம்.' இதனைப் பந்தியின் சொற்களாலேயே முழுவதும் பெயர்த்தெழுதாது, கருத்துச் சிதையாமற் சொந்த நடையில் எழுதுதல் நன்று. பெயர்த்தெழுதிய விடை உணர்ந்தமைக்குச் சான்றாகாது. கண்ணுங் கையும் தொழிற்பட்டமைக்கே சான்றாகும்.

இவ்வினாவில் வேறொரு நுட்பமும் உண்டு. பந்தி 'பெரும்பாலும் இயலாது' என்றே கூறுகின்றது. 'ஒருபோதும் இயலாது' என எழுதிய விடை பந்தியைக் கடந்துவிட்ட விடையாகும். பெரும்பாலும், சில, ஏறக்குறைய, ஆண்டளவில், என்பர் ஆகிய சொற்கள் ஒரு கூற்றின் எல்லைக் கற்கள். பக்கத்துக் காணியின் எல்லைக்கல்லைப் பெயர்ப்பது எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழையே பிறர் கூற்றின் எல்லைச் சொல்லைப் பெயர்ப்பதும். 'குறிப்பேட்டைக் கண்டமை தூண்டுகோலாயிற்று என்பர்' என்பதை, 'குறிப்பேட்டைக் கண்டமையாலேயே அவர் ஓவியரானார்' என்று எழுதுவோர் உளராயின், அவர் இரு பிழை செய்தவராவர். 'என்பர்' என்பதை நீக்கியது ஒன்று. ஒரு புதுநெறியின் தொடக்கத்தை ஒருவரின் கலைவாழ்வு முழுமைக்கும் தொடக்கமாக்கியது மற்றொன்று.

நான்காம் வினா அனுமான வினா. 'பணிக்கர் தம் கலைநெறியை மாற்றினார்' என்னும் வாக்கியம் பந்தியில் எங்கும் இல்லை. அதனால் 'இடமில்லை' என எழுதுதல் அவசரமாகும். இளமையில் நிலக்காட்சிகளைத் தீட்டினார் என்பது ஒரு செய்தி. 1963 அளவில் எழுத்தும் குறியீடும் நிறைந்த படங்களைத் தொடங்கினார் என்பது மற்றொரு செய்தி. அதனைப் பந்தி 'புதுநெறி' எனவும் குறிக்கின்றது. இம்மூன்றனையும் சேர்த்து நோக்கின் நெறி மாறியமை பெறப்படும். பல செய்திகளை இணைத்துச் சொல்லப்படாத ஒன்றைப் பெறுதலே அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் தருக்க நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. நெருப்பு உண்டு என்பதளவே புகையாற் பெறப்படும்; அந்நெருப்பு எவர் வீட்டு அடுப்பில் எரிகின்றது, அதன்மேல் உலையில் இருப்பது யாது என்பன பெறப்படா. அதுபோலவே, நெறி மாறிற்று என்பது பெறப்படும். பழைய நெறியை அவர் வெறுத்தார் என்பதோ, நிலக்காட்சி தாழ்ந்ததெனக் கருதினார் என்பதோ பெறப்படாது. அனுமானம் எவ்விடத்தில் நிற்க வேண்டுமோ அவ்விடத்தில் நிறுத்துதலே அதன் திறமை.

ஐந்தாம் வினாவே இவற்றுள் மிக அரியது. படங்களிலே சாதகக் குறிப்பிற் காணப்படுவன போன்ற சக்கரங்கள் உள்ளன. ஆகவே ஓவியர் சோதிடத்தை நம்பினார் என்பது பலருக்கும் உடனே தோன்றும். மற்றொருசாரார் அவர் சோதிடத்தை எள்ளினார் என்பர். பிறிதொருசாரார், எழுத்துகளைத் தீட்டினமையால் அவர் தாய்மொழிப் பற்றை வெளியிட்டார் என்று அழகாக ஒரு பக்கம் எழுதிவிடுவர். இம்மூன்று விடைகளும் ஒன்றற்கொன்று முரணானவை அல்லது தொடர்பற்றவை; மூன்றும் ஒரே படத்திலிருந்து தோன்றியவை. ஒரே ஆதாரத்திலிருந்து இத்துணை வேறுபட்ட முடிவுகள் எழுமாயின், அவை ஆதாரத்திலிருந்து எழுந்தவை அல்ல; நோக்குபவரின் உள்ளத்திலிருந்து எழுந்தவை எனத் தெளிதல் வேண்டும். சாதகக் கட்டத்தின் வடிவத்தை ஓவியர் எடுத்துக்கொண்டார் என்பதளவே பந்தி தருவது. அவரின் நம்பிக்கையைப்பற்றிப் பந்தி ஒன்றுங் கூறவில்லை. ஆதலின் ஏற்ற விடை, 'இக்கூற்றை ஏற்றற்கோ மறுத்தற்கோ பந்தியில் ஆதாரம் இல்லை' என்பதாம்.

இத்தகைய விடையை எழுத மாணாக்கர் பெரிதும் அஞ்சுவர். 'இல்லை' என எழுதுவது தம் அறியாமையை ஒப்புக்கொள்வதாகும் என அவர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. பந்தி முழுவதையும் ஐயமற வாசித்தவரே அதில் இல்லாததை இல்லையெனத் துணிந்து கூறவல்லார். அறியாதவர் எதனையாவது எழுதி இடத்தை நிரப்புவர். அறிந்தவர் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுவர். சாதகக் கட்டத்தைச் சூழப் பன்னிரண்டு வீடுகளும் நிரம்பியிருக்க, நடுவிடம் வெறிதாய் விடப்படுதலை யாவரும் கண்டுள்ளனர். அதிலே ஒரு கோளை இட்டு நிரப்புபவர் எவரும் இலர்.

ஆறாம் வினாவாகிய தலைப்பு வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உண்டு. எனினும் எல்லா விடையும் சரியாகா. 'இந்திய ஓவியக்கலை' என்பது பந்தியினும் அகன்றது. 'சோழமண்டலம்' என்பது பந்தியின் ஒரு மூலையை மட்டும் மூடுவது. 'பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும்' அல்லது 'எழுத்தை ஓவியமாக்கிய பணிக்கர்' என்பன அளவொத்தவை. தலைப்பானது தலைக்கு அளவான தலைப்பாகைபோல் இருத்தல் வேண்டும். கண்ணை மறைப்பதும் ஆகாது, உச்சியில் மட்டும் நிற்பதும் ஆகாது.

மூன்று நிலைகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கிரகித்தல் என்பது மூன்றனை வேறுபிரித்து அறிதலே என்பது புலனாகும். பந்தியிற் சொல்லப்பட்டது ஒன்று. சொல்லப்பட்டதிலிருந்து தவறாது பெறப்படுவது இரண்டு. வாசிப்பவர் தம் உள்ளத்திலிருந்து கொணர்வது மூன்று. முதலிரண்டும் விடைக்குரியன. மூன்றாவது, 'உம் கருத்து யாது?' என வினவப்பட்டாலன்றி விடைக்குரியதன்று. அவ்வாறு வினவப்பட்டவிடத்தும், தம் கருத்தைத் தம் கருத்தென்றே கூறுதல் வேண்டும். பந்தியின் கருத்தெனக் காட்டுதல் ஆகாது.

பந்தியோடு ஓவியத்தின் படியும் அச்சிடப்பட்டிருப்பின், படத்தை நோக்குதற்கும் இம்மூன்று நிலைகளே வழி. முதலிற் கண்ணிற் படுவதை மட்டும் பெயரிட்டுக் கூறுதல் வேண்டும்: வெளிறிய நிலத்திலே நிரை நிரையாகச் சிறு வரிகள், ஒருபுறம் கட்டமிட்ட சக்கரம், மற்றொருபுறம் சிவந்த புள்ளி. அடுத்து, அவை எதனை ஒத்துள்ளன என்பதைக் கூறலாம்: வரிகள் எழுத்தையும் சக்கரம் சாதகத்தையும் ஒத்தன. இறுதியிலேதான், அவற்றால் தம் உள்ளத்தில் எழும் உணர்ச்சியைக் கூறுதல் முறை. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, 'இது மனிதனின் துயரத்தைக் காட்டுகின்றது' என்று தொடங்குபவர் படத்தைக் காணாதவரே. ஒரு படத்தின் முன்னர் ஐந்து நிமிடம் அமைதியாக நின்று, காண்பனவற்றை மட்டும் பட்டியலாக எழுதும் பயிற்சியை ஆசிரியர் வகுப்பில் நடத்துவாராயின், கிரகித்தல் விடைகளும் செம்மையுறும். படம் கிடையாதவிடத்து ஒரு கோலமோ, ஒரு பழைய சாதக ஏடோ, சலவைத் தொழிலாளர் துணியில் இடும் குறியோ போதும். அக்குறி பிறர்க்கு வெறும் புள்ளியும் கோடும். இட்டவர்க்கோ அது வீட்டையும் ஆளையும் காட்டும் எழுத்து.

கரையோரத்தின் கடமை

இப்பயிற்சியாற் பெறும் பயன் பரீட்சைப் புள்ளிகளோடு முடிவதன்று. பணிக்கர் எழுத்தை வாசிக்க இயலாததாக்கியது ஒரு கலைஞர் தாமே விரும்பிச் செய்த செயல். எழுதப்பட்டது பொருளோடு எழுதப்பட்டிருந்தும், வாசிப்பவர் இன்மையால் வெறும் வடிவமாகிவிடும் நிலையும் உலகில் உண்டு. அந்நிலையை அறிதற்கு இக்கரையோரத்தார் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் வரையுள்ள கரையோரத்துக் கத்தோலிக்க மீனவக் குடிகளுட் பல முற்காலத்திலே தமிழைப் பேச்சுமொழியாகக் கொண்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டிலே அப்பகுதிப் பள்ளிகளின் போதனாமொழி சிங்களமாயிற்று. அதன்பின் வந்த தலைமுறையினர் சிங்களத்தில் எழுதவும் வாசிக்கவும் பயின்றனர். நீர்கொழும்பு மீனவரிடையே வீட்டிலும் வள்ளத்திலும் தமிழ் பேசுவோர் இன்றும் உளர். ஆயினும் அவருட் பலர் தமிழெழுத்தை வாசிக்கப் பயிலாதவர். இது கூறப்படுவது எவரையும் பழித்தற்கன்று. ஒரு மொழியை இழந்தவர் மற்றொரு மொழியைப் பெற்றுள்ளனர்; அம்மொழியும் இந்நாட்டின் செல்வமே. ஆயினும் ஓர் உண்மை இதனால் விளங்குகின்றது. அத்தகைய குடும்பமொன்றிலே பாட்டனார் தமிழில் எழுதிய கடிதமொன்று பேழையிற் கிடக்குமாயின், அதனைக் கையிலெடுக்கும் பேரனுக்கு அது வளைந்த கோடுகளின் நிரையாகவே தோன்றும். கடிதத்திலே கடன்கணக்கு இருக்கலாம், காணியெல்லை இருக்கலாம், இறுதி ஆசி இருக்கலாம். பேரன் காண்பது பணிக்கரின் ஓவியத்தைக் காண்பவர் காண்பதையே. வேறுபாடு ஒன்றுண்டு. ஓவியத்தின் வரிகளில் வாசிக்கப்படாது விடப்பட்ட செய்தி இல்லை, கடிதத்தில் உண்டு.

உடப்பு முதலிய ஊர்களின் நிலை வேறு. கடலுக்கும் முந்தற் களப்புக்கும் அணித்தாக அமைந்த உடப்பிலே, திரௌபதையம்மன் கோயிலும், தீமிதிப்பு விழாவும், கரைவலையும், அம்பாப் பாடலும், தமிழ்ப் பள்ளியும் ஒருங்கே நிலைத்துள்ளன. முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர் என்னும் நினைவும் அவ்வூரார்க்கு உண்டு. அங்குப் பயிலும் மாணாக்கர் தமிழெழுத்தை வாசிக்க அறிந்தவர். எனினும் எழுத்தைக் கூட்டி ஒலிக்க அறிதல் வேறு. எழுதப்பட்டதை உணர அறிதல் வேறு. விடுதலறியாது ஒரு பக்கத்தை உரக்க வாசித்துவிட்டு, அதிற் கூறப்பட்டது யாதென வினவியபோது விழித்து நிற்கும் மாணவனுக்கு, அப்பக்கம் அருவ ஓவியமாகவே இருந்தது. ஒரு சமூகம் தன் எழுத்தை இழப்பது இருவகையால் நிகழும். வாசிக்கப் பயிலாமை ஒன்று. வாசித்ததைக் கிரகிக்கப் பயிலாமை மற்றொன்று. முன்னையது எல்லார் கண்ணுக்கும் புலனாகும். பின்னையது பள்ளி நடக்கும்போதே, பரீட்சை நடக்கும்போதே, ஓசையின்றி நிகழ்வது. ஆதலால் அதுவே பெரிதும் அஞ்சத்தக்கது.

காணியுறுதி, வைத்தியர் தரும் மருந்துக் குறிப்பு, அரசாங்க அறிவித்தல், தேர்தற் காலத்துத் துண்டுப்பிரசுரம் ஆகிய யாவும் வாழ்க்கை நடத்தும் கிரகித்தற் பரீட்சையின் பந்திகளே. 'ஆண்டளவில்', 'பெரும்பாலும்', 'என்பர்' என்னுஞ் சொற்களை ஓவியரைப்பற்றிய பந்தியிற் கவனியாது விட்டவர், 'தவணை தவறின்', 'உடன்பாட்டின்பேரில்' என்னுஞ் சொற்களை உறுதியிலும் கவனியாது விடுவர். பந்தியில் இல்லாத நம்பிக்கையை ஓவியர்மேல் ஏற்றிக் கூறியவர், பிறர் கூறாத சொல்லை அவர்மேல் ஏற்றிப் பகைமை வளர்க்கவும் தயங்கார். இந்துவும் பௌத்தரும் கத்தோலிக்கரும் இசுலாமியரும் அருகருகே வாழும் புத்தளக் கரையில், ஒருவர் கூறியதைக் கூறியவளவிலே உணர்தல் நல்லயல் வாழ்வுக்கும் இன்றியமையாதது.

பணிக்கரின் ஓவியங்கள் பலவற்றைக் கொண்ட காட்சிக்கூடம் திருவனந்தபுரத்தில் உள்ளது. சோழமண்டலத்திலே கலைஞர் இன்றும் தொழிலாற்றி வருகின்றனர். அவ்விடங்களுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லா மாணாக்கர்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் ஒரு பந்தி யாவர் கைக்கும் எட்டும். வினாத்தாளில் அருவ ஓவியத்தைப்பற்றிய பந்தியைக் கண்டவுடன் அஞ்சுதல் வேண்டா. ஓவியம் விளங்காவிடினும் ஓவியத்தைப்பற்றிக் கூறிய வாக்கியம் விளங்கக்கூடியதே. வாக்கியத்தை அதன் எல்லைக்குள் நின்று வாசித்து, உள்ளதை உள்ளதென்றும், பெறப்படுவதைப் பெறப்படுவதென்றும், இல்லாததை இல்லையென்றும் எழுதுபவர் நல்ல விடை எழுதியவராவர். அவ்வாறு எழுதப் பழகியவர் ஓவியத்தின் முன்னே நிற்கும் நாள் வரும்போது, அதன் வெற்றிடங்களை விரைந்து நிரப்ப முயலாது, முதலில் உள்ளதை உள்ளவாறு காண்பர்.